அந்துப்பூச்சியின் உணர்கொம்பு: மயிருக்கு மயிர் வேலை வேறு

பட்டுப்பூச்சி, விளக்கைச் சுற்றும் விட்டில், காய்ப்புழு அந்து என்று பல பூச்சிகளைப் பற்றிக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் உணர்கொம்பைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி (பட்டு வளர்ப்பவர், கிருஷ்ணகிரி): கூட்டைவிட்டு வந்த ஆண் பூச்சிக்குப் பறக்கத் தெரியாவிட்டாலும் சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு பெண்ணைத் தேடிச் சுற்றுகிறது. பெண்ணை எடுத்துவிட்ட பிறகும் அது உட்கார்ந்திருந்த காகிதத்தையே விடாமல் சுற்றுகிறது. இதற்குக் கண் தெரியாதா?

பதில்: கண் தெரியும், ஆனால் இந்த வேலையில் கண்ணுக்குப் பங்கு மிகக் குறைவு. பெண்ணின் வயிற்று நுனியில் மஞ்சளாகப் பிதுங்கித் தெரிவதுதான் மணச்சுரப்பி. அதிலிருந்து வெளிப்படும் பாம்பிகோல் என்ற பொருள் காகிதத்திலும் தட்டிலும் ஒட்டிக்கொள்ளும். பெண்ணைக் கண்ணாடிக் குடுவையில் காற்றுப் புகாமல் மூடி ஆணின் எதிரே வைத்துப் பாருங்கள், சட்டையே செய்யாது. இரண்டு உணர்கொம்புகளையும் அடியோடு நீக்கிவிட்டால், அந்தக் காகிதத்தின் மேலேயே விட்டாலும் சும்மா இருக்கும்.

பாம்பிகோலைப் பிரித்தெடுத்து அதன் வேதி அமைப்பை 1959-இல் வெளியிட்டவர் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் பூட்டனான்ட். ஏறத்தாழ 5 லட்சம் பெண் பூச்சிகளின் சுரப்பிகளிலிருந்து கிடைத்தது சில மில்லிகிராம்தான். பிரித்த சாறுகளில் எதில் சரக்கு இருக்கிறது என்று கண்டுபிடிக்க அவருடைய குழு நம்பியது, நீங்கள் பார்க்கிற இதே சிறகடிப்பைத்தான்.

ஆணின் கொம்பு சுமார் 6 மி.மீ. நீளம். நடுத்தண்டின் ஒவ்வொரு கணுவிலிருந்தும் இரண்டு கிளைகள் புறப்படுவதால் சீப்புப் போலத் தெரிகிறது. பெண்ணுக்கும் இதே வடிவம் உண்டு, ஆணுடையது சற்றுப் பெரிது, அவ்வளவே. உண்மையான வேறுபாடு கிளைகளின் மேல் இருக்கும் நீண்ட மயிர்களில் இருக்கிறது. ஆணின் ஒரு கொம்பில் இவை சுமார் 17,000. ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு நரம்பணுக்கள் (நரம்புச் செல்கள், இனிச் சுருக்கமாக அணு): ஒன்று பாம்பிகோலுக்கு, மற்றது அதன் ஆல்டிஹைடு உறவான பாம்பிகாலுக்கு. பெண்ணிடமும் நீண்ட மயிர்கள் இருக்கின்றன, ஆனால் எண்ணிக்கை குறைவு. அவற்றின் அணுக்கள் பென்சாயிக் அமிலம், லினலூல் போன்ற வேறு மணங்களுக்குத்தான் பதில் சொல்கின்றன. தன் உடம்பிலிருந்து போகும் பாம்பிகோலைப் பெண்ணின் கொம்பு அறிவதில்லை.

கிளைகளும் மயிர்களும் சேர்ந்தால் காற்றுப் புகுந்து வெளியேறும் ஒரு சல்லடை. கொம்பின் பரப்பு வழியே போகும் காற்றில் இருக்கும் பாம்பிகோல் மூலக்கூறுகளில் சுமார் நான்கில் ஒரு பங்கு அதில் சிக்கிவிடுகிறது, சிக்கியதில் பெரும்பகுதி நேராக அந்த நீண்ட மயிர்களின் மேல் படிகிறது. ஒரே ஒரு மூலக்கூறு ஒரு நரம்பணுவை ஒரு முறை துடிக்க வைக்க, அதாவது ஒரு மின்துடிப்பை எழுப்ப, போதும். ஆனால் ஓர் அணு துடித்ததும் பூச்சி ஆடத் தொடங்கிவிடாது. ஒரு விநாடிக்குள் ஏறத்தாழ 200 அணுக்கள் கூடுதலாகத் துடித்தால்தான் சிறகு அசையும். அணுக்கள் மணமே இல்லாதபோதும் அவ்வப்போது சும்மா துடிக்கும் என்பதால் மூளைக்கு இந்த வரம்பு தேவைப்படுகிறது.

உங்கள் வேலைக்கு ஒரு குறிப்பு. முட்டைக்காகச் சோடி சேர்க்கும்போது, பெண் இருந்த தட்டிலேயே ஆண்களை ஒதுக்கி வைக்காதீர்கள். மணம் ஊறிய தட்டில் மணிக்கணக்கில் சிறகடித்தே களைத்துவிடும். கழுவி வெயிலில் காயவைத்த தட்டு, இருட்டு, குளிர்ச்சி மூன்றும் இருந்தால் அடங்கி இருக்கும், இரண்டாம் சோடிக்கும் உதவும்.

கேள்வி (விலங்கியல் மாணவி, திருச்சி): உணர்கொம்பு மோப்ப உறுப்பு என்று பாடத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மின்நுண்ணோக்கிப் படங்களிலோ நீளம், குட்டை, குழிக்குள் இருப்பது என்று விதவிதமான மயிர்கள். எதை வைத்துப் பிரித்தறிவது?

பதில்: அந்த ஒரு வரி பாதிதான் சரி. கொம்பில் மோப்பம் உண்டு, சுவை உண்டு, தொடுவுணர்வு, ஈரம், வெப்பம், அதிர்வு எல்லாம் உண்டு.

முதலில் கொம்பின் மூன்று பகுதிகள். தலையோடு பொருந்தும் அடிக்கணு ஸ்கேப், அடுத்தது பெடிசெல், மீதி முழுவதும் பல சிறு கணுக்களாலான சாட்டை, அதாவது ஃபிளாஜெல்லம். தசைகள் ஸ்கேப்பின் அடியிலும் உள்ளேயும் மட்டுமே. சாட்டைக் கணுக்களுக்குத் தனித் தசை கிடையாது. மோப்ப மயிர்கள் எல்லாம் சாட்டையில்தான்.

சாட்டையில் எண்ணிக்கையில் முந்தி நிற்பவை டிரைக்கோடியா. மெலிந்து, நுனி நோக்கிக் கூர்ந்து, லேசாக வளைந்திருக்கும். ஆண் பட்டுப்பூச்சியில் நீளம் சுமார் 100 மைக்ரோமீட்டர், அடிப்பகுதித் தடிமன் 2 மைக்ரோமீட்டர் அளவு. பெண்ணின் மணத்தைப் பிடிப்பவை இவை. பேசிகோனிகா அவற்றைவிடக் குட்டை, நுனி மழுங்கல், சுவர் மெல்லியது. இலை, பூ ஆகியவற்றின் மணங்கள் பெரும்பாலும் இவற்றின் பொறுப்பு. காது மடல் போலத் தட்டையாக, உட்குழிந்து இருந்தால் ஆரிசில்லிகா. அதுவும் பெரும்பாலும் தாவர மணத்துக்கு.

கோயிலோகோனிகாவைத் தவறவிடவே முடியாது. ஒரு குழிக்குள் குட்டை முளை நிற்கும், குழியின் விளிம்பிலிருந்து முட்கள் உள்நோக்கி வேலி போட்டிருக்கும். சுவர் இரட்டை. அமிலங்கள், அமீன்கள் போன்ற நீரில் கரையும் மணப்பொருள்களுக்கு இவை பதில் சொல்கின்றன. ஸ்டைலோகோனிகா கணுவுக்கு ஒன்று என்ற அளவில் கணுவின் முன்விளிம்பில் பெரிய கூம்பாக நீட்டிக்கொண்டிருக்கும். இதற்குள் மூன்று அணுக்கள்: ஒன்று காற்று ஈரமானால் துடிக்கும், ஒன்று உலர்ந்தால், மூன்றாவது குளிர்ந்தால். சுவரில் மணத்துக்கான துளைகள் கிடையாது.

கீட்டிகா தடித்த மயிர், மேற்பரப்பை விட்டு விறைப்பாக வெளியே நிற்கும். இதைப் பிரித்தறிய அடிப்பகுதியைப் பாருங்கள். வளையும் குழிப்பொருத்தில் உட்கார்ந்திருந்தால் அது தொடுவுணர்வு உள்ள மயிர். நுனியில் ஒற்றைத் துளையும் இருந்தால் சுவையும் அறியும். கீட்டிகாவுக்கு இரண்டும் உண்டு. தேன் குடிக்கும் அந்து ஒன்றைப் பிடித்து, தாகமாக வைத்திருந்து, 10 சதவீதச் சர்க்கரைக் கரைசல் தோய்த்த தூரிகையால் கொம்பைத் தொட்டால் உறிஞ்சுகுழல் நீளும். வெறும் தண்ணீரில் முதலில் சோதித்துவிடுங்கள், தாகம் அதிகமானால் தண்ணீருக்கே நீட்டிவிடும். பட்டுப்பூச்சியில் இந்தச் சோதனை நடக்காது, வளர்ந்த பூச்சி எதையும் தின்பதில்லை.

வடிவத்தை மட்டும் பார்த்து வேலையைத் தீர்மானிக்காதீர்கள் என்பதே எங்கள் கண்டிப்பான அறிவுரை. பெயர்கள் வடிவத்துக்கு வைத்தவை. டிரைக்கோடியா என்ற ஒரே பெயருக்குள், ஒரே பூச்சியில், மூன்று வேறு மணங்களுக்கான மூன்று வகைகள் இருக்கக்கூடும். துளை எங்கே என்று அறிய படிக ஊதாச் சாயத்தின் நீர்க்கரைசலில் கொம்பை ஊறவைப்பது பழைய, எளிய வழி. சுவர் முழுக்கத் துளை உள்ள மோப்ப மயிர் முழுதும் சாயமேறும், சுவை மயிர் நுனியில் மட்டும், துளையே இல்லாத தொடு மயிரில் ஏறாது. வேலையை உறுதிப்படுத்த, மணத்துக்கு எழும் மின்மாற்றத்தை அளக்கும் மின்பதிவுதான் வேண்டும்.

கேள்வி (பிளஸ் டூ மாணவர், நாகர்கோவில்): மயிரில் துளை இருக்கிறது என்றால் உள்ளே இருக்கும் நீர் வற்றிவிடாதா? உள்ளே போன மணம் அங்கேயே தங்கிவிட்டால் அடுத்த மணத்தை எப்படி அறியும்?

பதில்: இரண்டும் நல்ல கேள்விகள். துளையின் குறுக்களவு 10 நானோமீட்டர் என்ற அளவில்தான். ஒரு மயிரில் இப்படி ஆயிரக்கணக்கில் உண்டு. மயிரின் புறத்தோலில் மெழுகுப் படலம் இருப்பதாலும், துளை இவ்வளவு சிறியதாக இருப்பதாலும் நீர் இழப்பு மிகக் குறைவு. பாம்பிகோல் எண்ணெய்த் தன்மை உள்ள 16 கார்பன் சங்கிலி. மயிரின் எந்த இடத்தில் விழுந்தாலும் மெழுகில் ஒட்டி, மேற்பரப்பிலேயே நகர்ந்து, ஏதாவதொரு துளைக்கு வந்து சேர்ந்துவிடும். துளைக்குள் நேராக விழ வேண்டியதில்லை.

சிக்கல் அதற்குப் பிறகு. மயிருக்குள் இருப்பது நீர்மம், பொட்டாசியம் மிகுந்தது. எண்ணெய்ப் பொருள் அதில் கரையாது. இங்கே மணத்தைச் சுமக்கும் ஒரு சிறு புரதம் வேலைக்கு வருகிறது. நம் டசர் பட்டுப்பூச்சியின் அமெரிக்க உறவான பாலிஃபீமஸ் அந்தில் இதை 1981-இல் வோக்ட், ரிடிஃபோர்ட் இருவரும் கண்டறிந்தார்கள். இந்தப் புரதம் மூலக்கூறைத் தன் உள்குழிக்குள் ஏற்று நீர்மத்தைக் கடந்து நரம்பணுவின் சவ்வுக்குக் கொண்டுபோகிறது. சவ்வுக்கருகே அமிலத்தன்மை கூடுவதால் புரதத்தின் வடிவம் மாறி மூலக்கூறு விடுபடுகிறது என்பது பட்டுப்பூச்சிப் புரதத்தின் கட்டமைப்பை ஆராய்ந்ததில் கிடைத்த விளக்கம்.

சவ்வில் காத்திருப்பது ஏற்பி என்ற புரதம். பட்டுப்பூச்சியின் பாம்பிகோல் ஏற்பியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004-இல் அடையாளம் கண்டார்கள். அது தனியே வேலை செய்யாது, ஆர்கோ என்ற துணை ஏற்பியோடு சேர்ந்தே அயனி வாயிலாகிறது. மூலக்கூறு பொருந்தினால் வாயில் திறந்து மின்னூட்டம் பாய்கிறது, அணு துடிக்கிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அதே நீர்மத்தில் மணப்பொருளைச் சிதைக்கும் நொதிகளும் மிதக்கின்றன. பாலிஃபீமஸ் அந்தின் மணப்பொருளைப் பாதியாகக் குறைக்க அதன் நொதிக்கு ஏறத்தாழ 15 மில்லிவிநாடி போதும் என்பது ஆய்வகக் கணக்கு. இப்படிச் சுத்தம் செய்துகொண்டே இருந்தால்தான் அடுத்த வீச்சு தெரியும். வெளியே படிந்த தூசியை அகற்றப் பூச்சியின் முன்னங்காலில் எபிஃபைசிஸ் என்ற இலை போன்ற நீட்சி இருக்கிறது. கொம்பை அதனிடையே இழுத்துத் துடைப்பதை உட்கார்ந்திருக்கும் அந்துகளிடம் பார்க்கலாம்.

ஏற்பிதான் தீர்மானிக்கிறது என்பதற்கு ஓர் அழகான சான்று. 2011-இல் ஜப்பானில் ஆண் பட்டுப்பூச்சியின் பாம்பிகோல் அணுக்களில் முட்டைக்கோசைத் தாக்கும் வைரமுதுகு அந்தின் ஏற்பியை மரபணு மாற்றத்தால் வைத்தார்கள். மயிர் பட்டுப்பூச்சியுடையது, நரம்பு பட்டுப்பூச்சியுடையது. அந்த ஆண்கள் வைரமுதுகு அந்தின் பெண் மணத்துக்குச் சிறகடித்தன.

கேள்வி (மதுரை): கொம்பால் ஒலியும் கேட்குமா?

பதில்: அந்துகளுக்குக் காது தனியே உண்டு, எல்லாக் குடும்பங்களுக்கும் இல்லை. காய்ப்புழு அந்துக்கு மார்பில், தண்டுதுளைப்பான் குடும்பத்துக்கு வயிற்றின் அடியில். வௌவாலின் மிகைஒலி அங்கேதான் கேட்கிறது. கரியமில வாயுவை அறியும் உறுப்பும் கொம்பில் இல்லை, உதட்டு நீட்சியின் நுனிக்குழியில் இருக்கிறது.

கேள்வி (உயிரியல் ஆசிரியை, செங்கல்பட்டு): மாணவர்களுக்குக் காட்ட உணர்கொம்பில் நிலைத்த ஸ்லைடு செய்தோம். நடுத்தண்டு கறுப்பாகவும், சுற்றிப் பால் போலவும் ஆகிவிட்டது. சில நாளில் மயிர்களும் தெரியவில்லை. எங்கே பிழை?

பதில்: மூன்றும் வெவ்வேறு காரணங்கள். கறுப்பு என்பது உள்ளே சிக்கிய காற்று. கீழிருந்து வரும் ஒளியில் காற்றுக்குமிழி கறுத்துத்தான் தெரியும். பால் நிறம் என்பது முழுதும் நீங்காத தண்ணீர். மயிர் மறைந்தது பொட்டாஷில் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில்) அளவுக்கு மீறி வைத்ததாலோ, பதிக்கும் பிசினின் ஒளிவிலகல் மயிரோடு ஒத்துப்போனதாலோ இருக்கும்.

இப்படிச் செய்து பாருங்கள். இறந்த பட்டுப்பூச்சியின் கொம்பை அடியோடு எடுத்து, நுனியில் ஒரு கணுவைக் கத்தரித்துவிடுங்கள், திரவம் உள்ளே போக வழி வேண்டும். 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு மெல்லிய தூரிகையால் முதுகுப்பக்கச் செதில்களை நீக்குங்கள். அடியிலிருந்து நுனி நோக்கி மட்டுமே தேய்க்க வேண்டும், எதிர்த்துத் தேய்த்தால் மயிர்கள் முறியும். பிறகு 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. 10 கிராம் வில்லைகளை 100 மி.லி. தண்ணீரில் சிறிது சிறிதாகப் போடுங்கள், வில்லையின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அறை வெப்பத்தில் ஓர் இரவு போதும். அவசரமென்றால் சோதனைக் குழாயோடு வெந்நீரில் 10 நிமிடம், நடுநடுவே எடுத்துப் பாருங்கள். தண்டு தேன் நிறமானதும் நிறுத்திவிட வேண்டும், நிறமற்றுப் போகும்வரை காத்திருந்தால் மயிர் உதிரும்.

மூன்று முறை தண்ணீரில் அலசி, அசிட்டிக் அமிலம் ஒரு சொட்டு விட்ட நீரில் ஐந்து நிமிடம் வையுங்கள். பிறகு 30, 50, 70, 90 சதவீத ஆல்கஹாலில் பத்துப் பத்து நிமிடம், தூய ஆல்கஹாலில் இரண்டு முறை. இரண்டாம் முறைக்குப் புதிய ஆல்கஹால் எடுங்கள். பாட்டில் அடிக்கடி திறந்து கிடந்தால் காற்றின் ஈரத்தை இழுத்திருக்கும், பால் நிறத்தில் பாதி அதனால்தான். தெளிவாக்குவதற்குச் சைலீனைவிடக் கிராம்பு எண்ணெய் நல்லது: சைலீனில் கிளைகள் மொடமொடத்து ஒடியும், மிச்ச ஈரத்தையும் மன்னிக்காது. பத்து நிமிடம் கழித்துக் கனடா பால்சத்தில் வைத்து, மூடுகண்ணாடியைச் சாய்வாக இறக்குங்கள். காய்வதற்கு ஒரு வாரமாவது தட்டையாகக் கிடக்க வேண்டும்.

பார்க்கும்போது நுண்ணோக்கியின் ஒளித்துவாரத்தைக் குறுக்குங்கள். முழுதும் திறந்து வைத்துவிட்டு மயிர் தெரியவில்லை என்று சொல்பவர்களே அதிகம். 100 மடங்கில் கிளை அமைப்பும், 400 மடங்கில் டிரைக்கோடியாவும் ஸ்டைலோகோனிகாவும் நன்றாகத் தெரியும். சுவர்த்துளைகளை ஒளி நுண்ணோக்கியில் தேடாதீர்கள். ஒரு வகுப்புக்கு மட்டும் போதுமென்றால் இவ்வளவும் வேண்டாம்: ஆல்கஹாலில் நனைத்த கொம்பைக் கிளிசரினில் வைத்து மூடினாலே அரை மணியில் வேலை முடிந்துவிடும்.

கேள்வி (வால்பாறை): எங்கள் பகுதியில் அட்லஸ் அந்து வரும். அதன் குடும்பத்து ஆண் 11 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பெண்ணை மோப்பம் பிடிக்கும் என்று படித்தேன். உண்மையா?

பதில்: அடையாளமிட்டு அவ்வளவு தொலைவில் விடப்பட்ட ஆண் பெண்ணிடம் வந்து சேர்ந்தது என்பது வேறு, புறப்பட்ட இடத்திலேயே மணம் கிடைத்தது என்பது வேறு. ஆண் இரவெல்லாம் அலைந்து திரியும். வழியில் எங்கே மணத்தின் தடத்தைக் கண்டது என்று அந்தச் சோதனை சொல்வதில்லை. அந்த எண்ணை நாங்கள் நம்பிச் சொல்லமாட்டோம்.

ஆனாலும் அட்லஸ் ஆணின் கொம்பு பார்க்க வேண்டியது. கணுவுக்கு இரண்டல்ல, நான்கு கிளைகள். வாயில்லாத, சில நாள் மட்டும் வாழும் பூச்சிக்கு நேரம் குறைவு.

மணம் காற்றில் சீராகப் பரவுவதில்லை. சுழலும் காற்று அதை இழை இழையாகக் கிழித்துவிடும். கொம்பில் ஓர் இழை பட்டதும் ஆண் காற்றை எதிர்த்து முன்னே பாயும், இழை அறுந்ததும் இடமும் வலமுமாக அகலமாக வீசிப் பறந்து தேடும். விட்டுவிட்டு வரும் இந்தத் தட்டல்தான் அதை முன்னே நகர்த்துகிறது. காற்றுச் சுரங்கத்தில் இடைவெளியே இல்லாமல் ஒரே சீரான மணமேகத்தை நிரப்பினால் முன்னேறுவதை நிறுத்திவிடும். பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு வயல் முழுக்க மணத்தைப் பரப்பி இனச்சேர்க்கையைக் குலைக்கும் முறை வேலை செய்வதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

கேள்வி (சேலம்): அரளியில் வரும் பெரிய பச்சை அந்தின் கொம்பு ஒடிந்துபோனால் பறப்பதே தடுமாறுகிறது. மோப்பம் போனால் பறப்பு ஏன் கெட வேண்டும்?

பதில்: போனது மோப்பம் மட்டுமல்ல. பெடிசெல் கணுவுக்குள் ஜான்ஸ்டன் உறுப்பு இருக்கிறது, சாட்டையின் மிக நுண்ணிய அசைவையும் அளப்பது அது. பறக்கும்போது உடல் திரும்பினால் சாட்டை இம்மியளவு வளைகிறது, அதை அந்த உறுப்பு மூளைக்குச் சொல்கிறது. ஈக்களுக்குப் பின்சிறகிருந்த இடத்தில் இருக்கும் சமன்காட்டிகள் செய்கிற வேலையைத்தான் அந்துக்குக் கொம்பு செய்கிறது. 2007-இல் வெளியான சஞ்சய் சானே குழுவின் ஆய்வில், புகையிலைக் கொம்புப்புழு அந்தின் சாட்டையை வெட்டியதும் அது மோதியது, பின்னோக்கிப் பறந்தது, விழுந்தது. வெட்டிய சாட்டையை ஒட்டவைத்ததும் பறப்பு திரும்பியது. ஒட்டிய சாட்டையில் நரம்புத் தொடர்பு இல்லை, மோப்பம் இல்லை. எடை மட்டுமே திரும்பக் கிடைத்தது, ஜான்ஸ்டன் உறுப்புக்கு அது போதும். அந்த அந்து விநாடிக்குச் சுமார் 25 முறை சிறகடிக்கும், உறுப்பு கூர்மையாக இருப்பதோ அதன் ஏறத்தாழ இரு மடங்கு அதிர்வெண்ணில்.

ஸ்கேப்பின் அடியிலும் பெடிசெல்லிலும் போம் முட்கள் என்ற குட்டை மயிர்க் கூட்டங்களும் உண்டு. பறப்புக்கு முன் கொம்பை முன்னே கொண்டுவந்து சரியான கோணத்தில் நிறுத்துவது இவற்றின் தகவலால். இதைப் பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் ஆராய்ந்தது நீங்கள் சொல்லும் அதே அரளி அந்தில்தான்.

கேள்வி (முனைவர் பட்ட மாணவர், கோயம்புத்தூர்): கொம்பின் மின்பதிவு எடுக்கிறோம். மணக்காற்றின் முதல் சில வீச்சுகளில் நல்ல அலை, பிறகு எல்லா மணத்துக்கும் ஒரே சிறிய அலை. வெறும் கரைப்பானுக்கும் வருகிறது.

பதில்: 1957-இல் டீட்ரிஷ் ஷ்னைடர் பட்டுப்பூச்சியில் இந்த முறையைத் தொடங்கிய காலத்திலிருந்தே இருக்கும் தொல்லைகள் இவை. அலை சிறுப்பது கொம்பு உலர்வதால். தொடர்ந்து செலுத்தும் காற்றைக் கரித்தூளில் வடித்து, பிறகு தண்ணீர்க் குடுவை வழியே விட்டு ஈரமாக்குங்கள். வரிசையைத் தலைகீழாக்கினால் கரி நனைந்து பயனற்றுப் போகும். வெட்டிய அடியும் நுனியும் உப்புக்கரைசலில் முழுதும் மூழ்கியிருக்க வேண்டும், நடுவே காற்றுக்குமிழி இருந்தால் பதிவே வராது.

எல்லா மணத்துக்கும் ஒரே அலை என்றால் குழாய் கறைபட்டிருக்கிறது. ஒவ்வொரு மணத்துக்கும் தனிப் பாஸ்டர் குழாய் (மெல்லிய கண்ணாடிச் சொட்டுக்குழாய்), தனி வடிதாள் துண்டு. ஹெக்சேனில் கரைத்ததைத் தாளில் விட்டு அரை நிமிடமாவது ஆவியாகவிட்டே குழாயில் நுழையுங்கள், கரைப்பானின் அலை பாதி அடங்கும். மீதிப் பாதி காற்றழுத்த மாற்றத்தால் வருவது. வீச்சின்போது கொம்பின் மேல் படும் மொத்தக் காற்றோட்டம் மாறாதபடி ஈடுகட்டும் குழாயை இணைத்தால் அதுவும் போகும், ஏனென்றால் தொடு மயிர்களும் பதிவில் கலக்கின்றன. வீச்சு அரை விநாடி, இடைவெளி குறைந்தது ஒரு நிமிடம். சில வீச்சுகளுக்கு ஒரு முறை ஒப்பிடுவதற்கென வைத்த ஒரே தரமணத்தைக் கொடுத்து, அதன் விகிதமாகவே மற்றவற்றைக் கணக்கிடுங்கள். 50 ஹெர்ட்ஸ் நடுக்கம் தெரிந்தால் முதலில் விளக்கையும் மொபைல் சார்ஜரையும் அணைத்துப் பாருங்கள். வெள்ளிக் கம்பியின் குளோரைடுப் பூச்சு தேய்ந்திருந்தால் அடிக்கோடு மெல்ல நகர்ந்துகொண்டே போகும்.

பதிவில் அலை வந்தால் கொம்பு அறிகிறது என்று மட்டுமே பொருள். பூச்சியை அது ஈர்க்கிறதா விரட்டுகிறதா என்பது வேறு சோதனை.

கேள்வி (துவரை விவசாயி, விருதுநகர்): இனக்கவர்ச்சிப் பொறி கட்டினேன். முதல் வாரம் பச்சைக் காய்ப்புழு அந்து நன்றாக விழுந்தது, அப்புறம் ஒன்றுகூட இல்லை. செடியிலோ புழு இருக்கிறது. பொறி ஏமாற்று வேலையா?

பதில்: ஏமாற்று இல்லை, ஆனால் கொம்பு மிகக் கறாரான உறுப்பு. பச்சைக் காய்ப்புழுவின் லூரில் (பொறியில் மாட்டும் மணவில்லையில்) இரண்டு ஆல்டிஹைடுகள் 97-க்கு 3 என்ற விகிதத்தில் இருக்கின்றன. ஆணின் கொம்பில் இவற்றுக்குத் தனித்தனி மயிர்கள். விகிதம் கெட்டால், அல்லது அதே பொருளின் ஆல்கஹால் வடிவம் கலந்துவிட்டால் வரத்து குறையும்.

ஆல்டிஹைடு வெயிலிலும் வெப்பத்திலும் கெடும். லூரை 3 முதல் 4 வாரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், கோடையில் இன்னும் முன்னதாக. வாங்கி வைத்த பாக்கெட்டைப் பிரிக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மருந்து டப்பா இருக்கும் அலமாரியில் வைத்த லூரும், மருந்தடித்த கையால் தொட்ட லூரும் வீண். பழைய லூரைக் கழற்றி வயலிலேயே வீசாதீர்கள், அதுவும் மணம் விட்டுக்கொண்டிருக்கும். புரோடீனியா என்ற வெட்டுப்புழு அந்தையும் சேர்த்துப் பிடிக்கலாமென்று ஒரே பொறியில் இரண்டு லூர் மாட்டுவதுதான் நாங்கள் அதிகம் காணும் தவறு. ஒன்றின் மணம் மற்றதன் ஆணுக்கு இடையூறாகக்கூடும்.

பொறியின் வாய் செடி உச்சிக்கு ஓர் அடி மேலே இருக்கட்டும். துவரை வளர வளர உயர்த்தாவிட்டால் இலைகளுக்குள் புதைந்து மணம் வெளியே வராது. உங்களுக்கு ஒரு வாரத்தில் நின்றுபோனதற்கு இதையே முதலில் சந்தேகிக்கிறோம். பாலித்தீன் பையின் அடிக்கட்டு அவிழ்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், விழுந்த அந்து காலைக்குள் போய்விடும். எண்ணிக்கை ஏக்கருக்கு 5, எக்டருக்கு 12.

இத்தனையும் சரியாக இருந்தும் விழவில்லை என்றால், அந்த அலை அந்துகள் முடிந்து புழுப்பருவம் நடக்கிறது என்று கொள்ளலாம். வயலில் பெண் அந்து பெருகியிருந்தாலும் பொறிக்கு வரத்து குறையும், உயிருள்ள பெண்களோடு லூர் போட்டிபோட வேண்டியிருக்கிறது. மருந்து முடிவுக்கு எண்ணிக்கை வரம்பு பயிருக்கும் பூச்சிக்கும் ஏற்ப மாறும்: பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்குப் பொறி ஒன்றுக்கு 8 அந்து, தொடர்ந்து 3 இரவு. துவரையில் பொறியை அந்து வரும் நாளை அறியவே பயன்படுத்துங்கள். அதில் விழுவது ஆண் மட்டுமே. முட்டையிடும் பெண் அதன் பக்கமே வராது. ஆகவே அந்து விழத் தொடங்கிய நாளிலிருந்து பூங்கொத்துகளையும் இளங்காய்களையும் கையால் விரித்து முட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.